முதலில் தண்ணீர், பிறகு கேத்தில்



இந்த இதழின் நடுப்பக்கங்களில் வீட்டுத் தேநீர்ச் சாதனங்களைப் பற்றிய நீண்ட ஒப்பீடு ஒன்று வந்திருக்கிறது. சவுத்தாலில் உள்ள எங்கள் அலுவலகக் குசினியிலும், உதவ முன்வந்த சில வாசகர்களின் வீடுகளிலும் வைத்துப் பயன்படுத்திப் பார்த்தவை அவை. சில கடையில் வாங்கியவை, சில இரவல் பெற்றவை, சில யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்து, பெட்டி பிரிக்காமலே அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தவை. விலை, அளவு, கழுவும் சிரமம் எல்லாம் அங்கே விவரமாக உண்டு. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

இந்த முயற்சிக்குக் காரணம் உங்கள் கடிதங்கள்தான். ஊரிலிருந்து அதே தேயிலையைக் கொண்டுவருகிறோம், அதே சீனி, அதே கை, ஆனால் அந்த ருசி மட்டும் இங்கே வருவதில்லை, என்ன மெஷின் வாங்கினால் வரும் என்ற கேள்வி வேறு வேறு சொற்களில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஹட்டனில் பிறந்தவரும் கேட்கிறார், மதுரையில் பிறந்தவரும் கேட்கிறார். இங்கேயே பிறந்து, அம்மம்மா வீட்டுத் தேத்தண்ணியை விடுமுறையில் மட்டும் குடித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: மெஷினுக்குப் போகும் முன் தண்ணீரைப் பாருங்கள். அடுத்து, இலைக்கு விரிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுத் தேநீர் ஊறவைப்பதா, காய்ச்சுவதா என்பதை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இந்த ஒழுங்கு மாறினால் இருநூறு பவுண் கொடுத்து வாங்கியதும் அலுமாரிக்குத்தான் போகும்.

தண்ணீரில் தொடங்குகிறேன். லண்டனின் குழாய்த் தண்ணீர் கடின நீர். தேம்ஸ் படுகையின் அடியில் இருப்பது வெண்சுண்ணப் பாறை. மழைநீர் அதனூடாக வடியும்போது சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் இந்தப் பகுதியில் பொதுவாக லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இது பழகிய சங்கதி. குடாநாடே சுண்ணக்கல் மேல்தான் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அந்தக் கல்லை வெட்டியெடுத்தே ஓடியது. கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கேத்திலின் உள்ளே படிந்த வெள்ளைப் பொருக்கை அங்கே சுரண்டியவர்கள், இங்கேயும் அதையே சுரண்டுகிறார்கள். மலையகத்திலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்தவர்களுக்கு இது புதிது. பாறை இடுக்கில் ஊறிவரும் பீலித் தண்ணீர் மென்மையானது. அந்தத் தண்ணீரில் செம்பொன்னாக இறங்கிய இலை, இங்கே கறுத்து, மங்கி, மேலே ஒரு படலத்துடன் நிற்கும்போது அவர்கள் தேயிலையைச் சந்தேகிக்கிறார்கள். தேயிலையில் குறையில்லை.

அந்தப் படலத்தை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோவும் அவருடைய சக ஆய்வாளரும் ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து, தேயிலையிலிருந்து இறங்கும் பொருள்களைக் காற்றுப்படும் மேற்பரப்பில் ஆடையாகக் கட்டவைக்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் போட்டால் அது வருவதில்லை. எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டால் மறைந்துபோகும். வெறுந்தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்து குடித்து வளர்ந்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

ஆகவே, எங்கள் ஒப்பீட்டில் இருந்த அத்தனை பொருள்களிலும் கோப்பையில் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது தண்ணீர் வடிகட்டும் சாதாரண ஜாடிதான். அதன் குப்பியில் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கூட இருக்கும் கரி, குளோரின் வாடையை எடுக்கிறது. மாதம் ஒருமுறை குப்பியை மாற்ற வேண்டும், அதுதான் செலவு. அந்தச் செலவும் வேண்டாம் என்பவர்கள், தண்ணீரை ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் தங்கியதைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அதைக் கொண்டு தேநீர் போட்டுப் பாருங்கள். சுண்ணத்தின் ஒரு பங்கு கொதியிலேயே பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். கேத்திலுக்குள் படிந்ததைப் போக்க வினாகிரியோ சிட்ரிக் அமிலத் தூளோ கலந்த தண்ணீரைச் சற்று நேரம் விட்டுவைத்தால் போதும். கத்தியால் சுரண்டாதீர்கள்.

அடுத்தது கேத்தில். இந்த நாட்டில் கேத்திலுக்குக் கிடைக்கும் மின்பலம் பல நாடுகளில் கிடைப்பதில்லை. 230 வோல்ட், 13 ஆம்பியர் பிளக்; பெருக்கினால் ஏறக்குறைய 3 கிலோவாட். இந்தியாவில் சாதாரணச் சுவர்ப் பிளக்குக்காகச் செய்யப்படும் கேத்தில்கள் பெரும்பாலும் இதில் பாதிதான். தண்ணீர் கொதித்ததும் தானே அணைந்துவிடும் கேத்திலை ரசல் ஹாப்ஸ் நிறுவனம் 1955இல் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆவி ஒரு சிறு வழியாகப் போய், இரண்டு உலோகங்கள் ஒட்டிய தகட்டைச் சூடாக்குகிறது. இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. மூடியைத் திறந்துவைத்துக் கொதிக்கவிட்டால் அணையாமல் ஓடிக்கொண்டேயிருப்பதற்குக் காரணம், ஆவி அந்தத் தகடுவரை போய்ச் சேராததுதான். பழுதாகிவிட்டது என்று கேத்திலைத் தூக்கிப்போடும் முன் மூடியைச் சரியாக அழுத்திப் பாருங்கள்.

இந்த மின்பலத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் என்ன ஆகும்? 1990 ஜூலை 4ஆம் தேதி இரவு, உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் தோற்று முடிந்ததும் நாடு முழுவதும் எழுந்துபோய்க் கேத்திலைப் போட்டது. மின்சாரத் தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் ஏறியது. இப்படிப்பட்ட நேரங்களுக்காகவே வேல்ஸ் மலைக்குள் டினோர்விக் என்ற நீர்மின் நிலையம் காத்திருக்கிறது. மேல் ஏரியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டுச் சில விநாடிகளில் மின்சாரம் கொடுக்கும். நம் வீட்டுக் கணக்கு இவ்வளவு பெரிதில்லை. ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைக்க ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்கு போகிறது என்று வையுங்கள்; யூனிட் 25 பென்ஸ் என்றால் மூன்று பென்ஸுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கோப்பைக்காகக் கேத்திலை நிரப்பிக் கொதிக்கவைத்து, மீதியை ஆறவிட்டு, மறுபடி கொதிக்கவைக்கும் வழக்கத்தை விட்டால் அதுவே லாபம். உள்ளே கோப்பை அளவு குறித்த கேத்திலை வாங்குங்கள். நீல விளக்கு எரிவதும், கைப்பேசியிலிருந்து இயக்குவதும் தேநீருக்கு எதையும் சேர்ப்பதில்லை.

வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும் கேத்தில் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பச்சைத் தேயிலை குடிப்பவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். 80 பாகை அளவில் ஊற்றினால் கசப்பு அடங்கி, இலையின் இனிமை தெரியும். கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீர்தான் வேண்டும். ஒரு சிறு விலக்கு உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அந்த மலையில் பறித்த இலையை அந்த மலையிலேயே போட்டுக் குடித்தவர்கள் குடித்தது அந்தச் சூட்டில்தான். உயர்நிலத் தேயிலையின் மணம் பிடித்தவர்கள் 95 பாகையில் வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்திருந்தது.

இனி, இலை அடைக்கும் கருவிகள். உருண்டை வடி, கிடுக்கி வடி, சங்கிலியில் தொங்கும் முட்டை, ரப்பரில் செய்த மீனும் குருவியும் என்று கடைகளில் குவிந்து கிடப்பவை இவைதான். அன்பளிப்பாக அதிகம் வருபவையும் இவைதான். இவற்றில் பெரும்பாலானவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுருண்டு காய்ந்த இலை வெந்நீரில் பல மடங்கு விரியும். சுற்றிலும் தண்ணீர் ஓடினால்தான் உள்ளே இருப்பது இறங்கும். நெருக்கி அடைத்த உருண்டைக்குள் நடுவில் இருக்கும் இலை பாதி உலர்ந்தபடியே வெளியே வருவதைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும். இதற்குப் பதில் கோப்பையின் வாயளவுக்கு அகலமாக, அடிவரை இறங்கும் கூடை வடியை வாங்குங்கள். மெல்லிய துருவேறா எஃகுச் சல்லடை, விலையும் அதிகமில்லை. கழுவும்போது பின்பக்கமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும்.

பீகாரில் மோதிஹாரியில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946 ஜனவரியில் லண்டன் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் தேநீருக்குப் பதினொரு விதிகள் எழுதினார். இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலை, மண் அல்லது பீங்கான் குடுவை, இலையைப் பையிலோ வடியிலோ சிறைவைக்காமல் நேரே போடுதல் ஆகியவை அவற்றில் உண்டு. தேயிலைக்கு ரேஷன் இருந்த காலம் அது. 1952 வரை அந்த ரேஷன் நீடித்தது. அளந்து கொடுத்த கொஞ்ச இலையிலிருந்து முழுப் பயனையும் எடுக்கவேண்டியிருந்த ஒருவர், இலைக்கு இடம் விடுங்கள் என்று சொன்னதை நாம் மதிக்க வேண்டும். குடுவை வாங்க நினைப்பவர்களுக்கு என் தேர்வு, ஸ்டாஃபோர்ட்ஷயர் செம்மண்ணில் செய்யும் 'பிரவுன் பெட்டி'. பருத்த வயிறு, இலை உள்ளே சுழல்வதற்கு வசதி. தடித்த மண், சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். ஊற்றும் முன் வெந்நீரால் ஒருமுறை கழுவிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் கொதிநீரின் சூட்டில் ஒரு பங்கைக் குடுவையே குடித்துவிடும்.

எவ்வளவு இலை, எவ்வளவு நேரம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. தேயிலைச் சுவைஞர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வகுத்த ஐஎஸ்ஓ 3103 என்ற நியமம், 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்கிறது. வீட்டில் குடிப்பதற்கு அது கடுமைதான். ஆனால் அதை ஒரு முனையாக வைத்துக்கொண்டு அங்கிருந்து குறைத்துக்கொண்டே வந்தால், உங்கள் வீட்டு அளவு பிடிபடும். சின்ன டிஜிட்டல் தராசு குசினியில் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். தேநீருக்கென்று தனியாக வாங்க வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊறவைக்கும் தேநீர். நம்மில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் போடுவது அதை அல்ல. சவுத்தால் தெருக்களில் மணப்பதும் அது அல்ல. ஹேவ்லாக் சாலையில் 2003இல் திறக்கப்பட்ட ஸ்ரீ குரு சிங் சபா குருத்வாராவின் லங்கர் கூடத்தில், வருகிறவர் எந்த மதத்தவரானாலும் தரையில் உட்காரவைத்து உணவும் தேநீரும் கொடுக்கிறார்கள். பெரிய பாத்திரத்தில் பாலும் இலையும் சீனியும் சேர்த்துக் காய்ச்சிய தேநீர். நம் பஞ்சாபி அண்டை வீட்டார் செய்வதும், தமிழ்நாட்டு வீடுகளில் இஞ்சி தட்டிப் போட்டுச் செய்வதும் ஒரே குடும்பம். அதற்கு வேண்டிய இலை குருணை இலை. 1930 வாக்கில் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் வடிவமைத்த இயந்திரம், கொழுந்தைப் பல்லுள்ள உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டியது. அந்தக் குருணை நிமிடத்தில் சாயம் இறங்கும். பாலில் கொதித்தாலும் தாங்கும். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால், வெறுந்தேத்தண்ணியில் பொறுக்க முடியாத கடுமை பால் தேநீரில் இதமாகிவிடும். உயர்நிலத்து முழு இலையை வாங்கிவந்து பாலில் காய்ச்சினால் பணமும் மணமும் போய்விடும். குருணையைக் கண்ணாடிக் குடுவையில் ஊறவைத்தால் கசக்கும்.

கடைகளில் அழகாக நிற்கும் தானியங்கித் தேநீர் இயந்திரங்கள், அதாவது கூடை தானே தண்ணீருக்குள் இறங்கி, சொன்ன நேரத்தில் தானே மேலே ஏறும் வகை, ஊறவைக்கும் தேநீருக்குச் செய்யப்பட்டவை. விலை இருநூறு பவுணை எட்டும். தினமும் நல்ல இலைத் தேநீரைக் குடுவை நிறையக் குடிக்கும் வீட்டுக்கு அது தகும். அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது. பால் தேநீர் வீட்டுக்கு அது பயன்படாது. அதிலும் மின்கேத்திலிலும் பாலை ஊற்றிக் கொதிக்கவைக்க ஒருபோதும் முயலாதீர்கள். பால் அடித்தட்டில் கருகி ஒட்டும், பொங்கி மின்னிணைப்பில் இறங்கும்.

காய்ச்சும் தேநீருக்கு நல்ல சாதனம், அடி கனமான, மூக்குள்ள, நீண்ட கைபிடி வைத்த எஃகுச் சட்டி. சவுத்தாலில் பாத்திரக் கடைகளுக்குக் குறைவில்லை. புதிய அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எரிவாயு அடுப்பு அனேகமாக இருக்காது, இண்டக்ஷன் அடுப்புத்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டியும் பித்தளைப் பாத்திரமும் அதில் சூடேறாது. குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வேலை செய்யும். பால் வாங்கும்போது நீல மூடிப் போத்தலை எடுங்கள். அதில் கொழுப்பு 3.6 சதவீதம் அளவில் இருக்கும். பச்சை மூடியில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பச்சை மூடிப் பாலில் காய்ச்சிவிட்டு, மெஷினால் தடிப்பாக்க முயல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடியின் நிறத்தை மாற்றுவது எளிது.

எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்த கண்டுபிடிப்பு துருக்கிக் கடையில் கிடைத்தது. சாய்தான்லிக் என்ற இரட்டைக் கேத்தில். கீழ்க் கேத்திலில் தண்ணீர் கொதிக்கும். அதன் தலையில் உட்காரும் சிறிய கேத்திலில் இலையும் கொஞ்சம் வெந்நீரும்; கீழிருந்து வரும் ஆவியின் சூட்டில் சாயம் மெதுவாக இறங்கும். வேண்டியபோது சாயத்தைக் கோப்பையில் விட்டு, வெந்நீரோ சூடான பாலோ சேர்க்கலாம். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடையில் செம்பு பாய்லரும் டிகாஷன் பையும் வைத்து மாஸ்டர் செய்வதன் வீட்டு வடிவம் இது. ரஷ்யர்களின் சமோவாரும் இதே வழிதான். நம்மூர்ப் பாய்லரின் நடுக்குழாயும் கீழே கரியும் அதைத்தான் நினைவூட்டுகின்றன. ஒரே வீட்டில் அப்பாவுக்குச் சாயம் கூட, பிள்ளைக்குக் குறைய, மருமகளுக்குப் பாலில்லாமல் என்று கேட்டால், இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. பஞ்சுத் துணிப்பை வடியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குருணையின் தூள் எஃகுச் சல்லடையில் நழுவும், துணியில் நழுவாது. ஹாங்காங் கடைகளிலும் பால் தேநீரை நீண்ட துணிப்பையில்தான் மறுபடி மறுபடி வடிக்கிறார்கள். பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். வெந்நீரில் அலசி வெயிலிலோ ரேடியேட்டரிலோ காயவிடுங்கள்.

பேட்டரியில் சுழலும் நுரைக்கம்பி சில பவுணுக்குக் கிடைக்கிறது. நுரை வரும். ஆனால் ஆற்றி ஊற்றுவதில் நுரையோடு சூடும் தணிகிறது, சீனியும் கரைகிறது. மலேசியாவின் தே தாரிக் கடைகளில் தமிழ் முஸ்லிம்களின் கைகள் இன்றும் செய்வது அதுதான். இரண்டு எஃகுப் பேணிகள் போதும். பிள்ளைகளுக்குக் குளியல் தொட்டியில் தண்ணீரை வைத்துப் பழக்குங்கள், அவர்களுக்கு அது விளையாட்டாகவும் இருக்கும்.

முதியவர்களைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கு லண்டனில் நம் வீடுகளில் பகல் முழுவதும் தனியே இருக்கும் அம்மம்மாக்களும் தாத்தாக்களும் ஏராளம். நிரப்பிய 1.7 லிட்டர் கேத்தில், தன் எடையோடு சேர்த்து மூன்று கிலோவை நெருங்கும். நடுங்கும் கைக்கு அது ஆபத்து. புதுக் கருவிகள் உண்மையாகவே பெருமைப்படக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கேத்திலைத் தூக்காமல் சாய்த்து ஊற்ற உதவும் கம்பித் தாங்கி ஒன்று கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு கோப்பை அளவு மட்டும் கொதிக்கவைத்துக் கோப்பையில் நேரே விடும் சாதனமும் இருக்கிறது. எங்கள் ஒப்பீட்டில் கலந்துகொண்ட முதியவர்கள் பிடிவாதமாகத் திருப்பித்தர மறுத்தது அந்தச் சாதனத்தைத்தான். கட்டில் பக்கத்தில் வைக்கும் 'டீஸ்மேட்' இந்த நாட்டின் பழைய ஆசை. பர்மிங்காமின் துப்பாக்கித் தொழிலாளி ஃபிராங்க் கிளார்க் 1902இலேயே கடிகாரத்தோடு இணைத்த தேநீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். விடிகாலையில் படியிறங்கி வர முடியாதவர்களுக்கு அதன் இன்றைய மின் வடிவம் நல்ல துணை. பெற்றோருக்கு எதை வாங்கிக்கொடுப்பது என்று கேட்பவர்கள் உருண்டை வடிகளை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்.

கருவியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இலையைப் பறித்தவர்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க என்னால் முடியாது. நம் சவுத்தால் அடங்கிய ஈலிங் பகுதியே தேயிலையோடு பிணைந்தது. பக்கத்துக் கிரீன்ஃபோர்டில், கால்வாய்க் கரையில், லயன்ஸ் நிறுவனம் 1921இல் பெரும் தேயிலை ஆலையைத் திறந்தது. 1953இல் பிரிட்டனுக்குத் தேயிலைப் பையை அறிமுகப்படுத்திய டெட்லியை லயன்ஸ் 1973இல் வாங்கியது. 2000ஆம் ஆண்டில் அதே டெட்லியை டாடா தேயிலை நிறுவனம் 271 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. அப்போது டாடாவின் கையில் இருந்த மூணாறுத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியதைப் பெரும் தொழிலாக்கியதும் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியாக நடந்துபோன மக்கள்தான். அந்தப் பாதையிலேயே 2023இல் அவர்களுடைய சந்ததியினர், முன்னோர் வரத் தொடங்கிய இருநூறு ஆண்டை நினைந்து நடந்தார்கள். 1948இல் அந்த மலையகத் தமிழரிடமிருந்து குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காக நீலகிரியில் 1968இல் தொடங்கியதுதான் டான்டீ என்ற தமிழ்நாட்டு அரசுத் தேயிலை நிறுவனம். ஆகவே, இந்த இதழை வாசிக்கும் நாம் ஊட்டித் தேயிலை வாங்கினாலும் ஹட்டன் தேயிலை வாங்கினாலும் பறித்த கைகள் ஒரே கைகள்.

லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அன்று கடைசியாக விலைபோனது இலங்கையின் ஹெல்பொட தோட்டத்து இலை, கிலோ 555 பவுண். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடிய மலையகத் தொழிலாளர்களுக்கு அது அறிவிக்கப்பட்டது 2021இல்தான்; அப்போதைய மாற்று வீதத்தில் நான்கு பவுணுக்கும் குறைவு. கருவிக்காக நீங்கள் ஒதுக்கியிருக்கும் பணத்தில் பாதியைத் தோட்டப் பெயர் அச்சிட்ட, பறித்த காலம் குறிப்பிட்ட நல்ல இலைக்கு மாற்றுங்கள் என்று உங்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணம் முழுவதும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக்குப் போய்ச் சேராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், தோட்டத்தின் பெயர் தெரிந்து வாங்குகிறவர்தான் அந்தத் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க முடியும்.

அடுத்த இதழுக்கு உங்கள் உதவி வேண்டும். கிளாஸ்கோ வாசகர்களுக்குக் குழாயில் வருவது கேட்ரின் ஏரித் தண்ணீர். 1859இலிருந்து அந்த நகரம் குடிக்கும் மென்நீர். மான்செஸ்டருக்கு ஏரி மாவட்டத்திலிருந்து வருவதும் அப்படியே. ஒரே தோட்டத்து, ஒரே தர இலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, கேட்கும் வாசகர்களுக்கு அலுவலகத்திலிருந்து அனுப்பத் தயாராக இருக்கிறோம். வடக்கே இருப்பவர்கள் அங்கே குழாய்த் தண்ணீரில் போட்டுக் குடித்துப் பார்த்து எழுதுங்கள். சவுத்தால், ஹேய்ஸ், ஹவுன்ஸ்லோ வாசகர்கள் வடிகட்டிய தண்ணீரில் ஒரு கோப்பையும் வடிகட்டாததில் ஒரு கோப்பையும் போட்டு, எது எதுவென்று சொல்லாமல் வீட்டிலுள்ளவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். நிறம், படலம், துவர்ப்பு மூன்றையும் குறித்து அனுப்பினால் போதும். யாழ்ப்பாணத்து மூக்குப்பேணியோ, தேநீர்க் கடைப் பாய்லரோ, பழைய டீஸ்மேட்டோ வீட்டில் வைத்திருப்பவர்கள் படமெடுத்து, அது எப்படிக் கைக்கு வந்தது என்று நாலு வரியும் சேர்த்து அனுப்புங்கள். அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்